கூரையில் கட்டிய எர்த்

ஹென்றிக்கு யாரிடமும் எதையும் கேட்கப் பிடிக்காது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவனிடம் அடுத்த ஸ்டாப் எது என்று கேட்க மாட்டான். தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் நடந்து திரும்பி வருவான். காய்ச்சலில் கிடந்தாலும் மனைவி எல்சியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்காமல் தானே எழுந்து போவான். "யார் கையையும் எதிர்பாக்காத மனுஷன்" என்று ராயபுரத்தில் அவன் தெருவில் மெச்சுவார்கள். மெச்சினவர்கள் யாரும் அவனோடு குடித்தனம் பண்ணவில்லை. எல்சியைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

காலடிப்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் அவன் எலக்ட்ரீஷியன். ரெயின்கோட், ஃபைல் உறை, பாஸ்போர்ட் கவர் எல்லாம் அங்கே ஊசி நூல் இல்லாமல் ஒட்டுவார்கள். இரண்டு பிளாஸ்டிக் தாளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பித்தளை அச்சை மேலே இறக்கி, காலால் பெடலை மிதித்தால் போதும். மிஷினுக்குள் இருக்கும் பெரிய கண்ணாடி வால்வு கரண்டை வினாடிக்குக் கோடிக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஆட்டும். அந்த ஆட்டத்தில் நெருப்பே இல்லாமல் பிளாஸ்டிக் உள்ளுக்குள் சூடாகி ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். ஆஸிலேட்டர் என்று அதற்குப் பேர். ஆஸிலேட்டர் ஹென்றியின் பொறுப்பு, பெடலில் எல்சியின் கால். அவர்கள் கல்யாணமே அந்த மிஷினைச் சுற்றித்தான் ஆரம்பித்தது.

ஒரு நாள் முதலாளிக்கு ரெயின்கோட்டில் லாபம் இல்லை என்று தோன்றிவிட்டது. ஷெட்டைக் கன்டெய்னர் வைக்கிற குடோனுக்கு விட்டுவிட்டு, மிஷின்களை கேஸ் வைத்து வெட்டி எடைக்குப் போட்டார். கடைசி நாளில் ஆளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனி எந்த ஷிஃப்டுக்கும் ஓட வேண்டாத மனுஷனுக்குக் கடிகாரம். ஹென்றி அதை வீட்டில் மாட்டவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞானஸ்நான விருந்து. ஹென்றியின் தம்பி டெரிக் படகு டிரைவர், காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவன். பந்தியில் உட்கார்ந்தபடி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "ணா, நம்ப போட்டுல சமையலுக்கு ஆளு வோணும், வர்றியா? சும்மாதான கீறே" என்று கேட்டுவிட்டான். நல்ல எண்ணத்தில் கேட்டதுதான். டெரிக்கின் வாய்க்கும் மனதுக்கும் நடுவில் கதவு கிடையாது. ஆனால் பந்தியில் நான்கு பேர் சிரித்தார்கள். ஹென்றி பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தான். அன்றோடு தம்பியிடம் பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் சுவர் ஒன்றுதான். துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பா கட்டிய வீடு அது. அவர் போன பிறகு நடுவில் செங்கல் சுவர் வைத்து, முன்பக்கம் ஹென்றிக்கு, பின்பக்கம் டெரிக்குக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். தகரக் கூரையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. ஒரே இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை. அப்பா கரியும் உப்பும் கொட்டி ஆழமாகத் தோண்டிவைத்த எர்த் குழி பின்பக்கம், டெரிக்கின் மனைவி ஷைனி துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய்விட்டது. பிரித்த அன்றைக்கு எர்த் குழியைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

சமையலுக்கு ஆள் என்று சொன்னானே, அந்த வார்த்தைதான் ஹென்றியை மிஷின் கட்ட வைத்தது. கம்பெனியில் இருந்த மாதிரியே ஒன்றை வீட்டில் கட்டுவது, தானும் எல்சியும் ஓட்டுவது, தம்பி மூஞ்சியில் கரி பூசுவது. வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் உபைதுல்லாவிடம் போய் நின்றான். உபைதுல்லா எங்கிருந்தோ ஒரு வால்வை லுங்கித் துணியில் சுற்றி எடுத்து வந்தார். தண்ணீர்ச் சொம்பு அளவுக்குப் பெரிய கண்ணாடி, உள்ளே சாம்பல் நிறத்தில் தகடு.

"இத்த வெச்சி இன்னா நைனா பண்ணப் போற? வூட்டுக்குள்ளயா? பெஞ்சாதி இன்னா சொல்லுது?"

"அவதான் பெடலு மிதிக்கப் போறா, பாய்."

"அப்ப சரி. செத்தா ரெண்டு பேரும் ஒண்ணா போய்ச் சேருங்க" என்று சிரித்தபடி, வால்வு உடையாமல் இருக்க அந்த லுங்கியையும் சேர்த்தே கொடுத்தார்.

மழைக்காலம் வருவதற்குள் கட்டி முடித்தான். பழைய ஃபிரிட்ஜிலிருந்து உருவிய செப்புக் குழாயை மண்ணெண்ணெய் டப்பா மேல் சுற்றிச் சுருளாக்கினான். ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கிற டிரான்ஸ்பார்மரைச் சமையலறை மூலையில் மரப்பெட்டிக்குள் வைத்து, அதன் மேல் மண்டை ஓடு படம் வரைந்தான். எல்சி அதற்குப் பக்கத்திலேயே அரிசி டப்பாவை வைத்திருந்தாள். வேறு இடம் இல்லை. அச்சு இறங்குகிற பிரஸ்ஸை ஒரு பழைய ஜூஸ் மிஷினிலிருந்து செய்தான். இதற்கெல்லாம் அவனுக்கு ஆள் தேவைப்படவில்லை. கடைசியில் எர்த்துக்குத் தேவைப்பட்டது.

மிஷின் ஆட்டுகிற கரண்டில் பிளாஸ்டிக்குக்குப் போனது போக மிச்சம் வெளியே சிந்தும். அதை நேராக மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். ஹென்றியின் பங்கில் மண்ணே இல்லை. எல்லாம் சிமெண்ட், அதற்குக் கீழே சாக்கடைக் குழாய்.

"செவுத்துல ஒரு ஓட்ட. ஒரு ஒயரு. அந்தாண்ட நம்ப மாமா தோண்டின குழி கீது" என்றாள் எல்சி. "கேட்டா டெரிக்கு வாணான்னா சொல்லப் போறான்?"

"அவங்கிட்டயா? நானா?"

"வேற யாரு, நானா போய் கேக்குறது? நாங்கூட கேக்கறேன், வுடு."

"நீ கேட்டாலும் நான் கேட்ட மாறிதான். கம்முனு இரு."

கூரைச் சட்டத்தில், தலைக்கு மேலே, இரும்புக் குழாயைச் சுரண்டி எர்த் ஒயரைச் சுற்றி முறுக்கிக் கட்டினான். இரும்பு நிறைய இருக்கிறது, போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போதாது என்பது அவனுக்குத் தெரியும். கம்பெனியில் வேறு எவனாவது இப்படிக் கட்டியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பான்.

முதல் தடவை சுவிட்ச் போட்ட மத்தியானத்தில் வால்வின் உள்ளே இழை ஆரஞ்சு நிறத்தில் கனிந்தது. எல்சியின் கையில் ஒரு பழைய ட்யூப் லைட்டைக் கொடுத்து நிற்க வைத்தான். பெடலை மிதித்ததும் ஒயர் எதுவும் இல்லாமலேயே அவள் கையில் அது பளீரென்று எரிந்தது. எல்சி "ஐயோ மாதாவே" என்று கத்திவிட்டு, பிறகு குழந்தை மாதிரி சிரித்தாள். கம்பெனி மூடிய பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். தெருவே வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் ஷைனியின் துவைக்கிற இடத்தில் ஆணியில் மாட்டியிருந்த பியூஸ் போன ட்யூபும் மங்கலாக எரிந்ததாக ஒரு குழந்தை ஓடி வந்து சொன்னது. ஹென்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "அவ்ளோ பவரு!" என்றான். பயப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்பட்டான் மடையன்.

அவன் செய்த சரக்கு ஒன்றே ஒன்று: கடலுக்குப் போகிறவர்கள் போனையும் அடையாள அட்டையையும் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற கவர். வாங்கின முதல் ஆள் டெரிக்கின் படகில் வேலை செய்யும் பொன்ராஜ். அண்ணனும் தம்பியும் பேசாத அந்த நாட்களில் இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்த ஒரே ஆளும் அவன்தான். கவரைத் தண்ணீர் வாளியில் முக்கி, குலுக்கி, வெளியே எடுத்துப் பார்த்தான். உள்ளே அவன் வைத்த தீப்பெட்டி காய்ந்தே இருந்தது. ஒரு குச்சியைக் கிழித்து, அதே நெருப்பில் பீடியும் பற்றவைத்துக்கொண்டான்.

"ணா, இத்த காசிமேடு பூரா நான் வித்துத் தரேன். ஒரு சொட்டு போவாது, இன்னா மிஷினுணா இது!"

வித்தும் கொடுத்தான். கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைமேல் வைக்கிற போட்டோவை மழை படாமல் ஒட்டித் தரும்படி பங்குக் கோயிலில் பலர் கேட்க ஆரம்பித்தார்கள். ஹென்றி தெருவில் நடக்கிற நடையே மாறிப்போனது.

அப்போதுதான் ஷைனி வாசலில் வந்து நின்றாள். டெரிக் கடலில் இருக்கும்போது அவள் வீட்டில் ஒரு வயர்லெஸ் செட் எப்போதும் போட்டபடி இருக்கும். படகிலிருந்து அவன் பேசினால் அவள் எடுப்பாள். அதன் ஆண்டெனா கூரைச் சட்டத்தில்தான் கட்டியிருந்தது.

"மாமா, நீங்க ஒருவாட்டி வந்து பாக்குறீங்களா? செட்டு மத்தியானமானா 'கொர்ர்'னு கத்துது. நிறுத்துது, மறுபடியும் கத்துது. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"ஈரக் காத்தும்மா. ஆண்டெனால உப்பு படிஞ்சிருக்கும்" என்றான் ஹென்றி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் போன பிறகு எல்சியைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, நடுச்சுவரில் காதை வைத்துக் கேட்டான். டொக் என்று பெடல் இறங்கினதும் அந்தப் பக்கம் கொர்ர். பெடல் ஏறினதும் அமைதி. எல்சி அவனையே பார்த்தாள்.

"நம்ப மிஷின்தான?"

"போட்டுக்காரனுங்க காலைலயும் சாயங்காலமும்தான் பேசுவானுங்க. நம்ப மத்தியானம் ஓட்றோம். ஆர்டர் முடியட்டும், அப்பாலிக்கா ஒரு வழி பண்றேன்."

"ஒரு ஒயருதான்யா. வாயத் தொறந்து கேளேன்."

அவன் கேட்கவில்லை.

அக்டோபர் மாதம், செபமாலைக்கு எல்சி கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். ஹென்றி தனியாக மிதித்துக்கொண்டிருந்தான். எண்ணூருக்குக் கிழக்கே டெரிக்கின் படகில், யாரோ கடலில் விட்ட அறுந்த வலை, தண்ணீருக்கடியில் சுழல்கிற காற்றாடியில் சுற்றிப் படகு நின்றுவிட்டது. வலையை அறுக்கக் கத்தியோடு தண்ணீரில் இறங்கினவன் பொன்ராஜ். அலை படகைத் தூக்கிப் போட்டதில் காற்றாடியின் தகடு அவன் தொடையைக் கிழித்துவிட்டது. மற்ற படகுகள் காற்றைப் பார்த்து முன்பே திரும்பியிருந்தன. படகின் பெரிய செட் பழுதாகிக் கிடந்தது; டெரிக் கையில் பிடித்துப் பேசுகிற சின்ன செட்டில் மனைவியைக் கூப்பிட ஆரம்பித்தான். பேட்டரி தீரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

ஷைனி மறுபடியும் ஹென்றியின் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"மாமா, அவரு கொரலு மாறி கீது. ஒரு வார்த்த கூட புரியல, பூரா கொர்ர்ங்குது. உங்க வூட்ல எங்கனா கரண்டு லீக் ஆவுதா பாருங்களேன்."

ஹென்றி பெடலிலிருந்து காலை எடுத்தான். "இந்நேரத்துக்கு அவன் இன்னாத்துக்குக் கூப்புடப் போறான்? சாயங்காலம் கூப்புடுவான், போம்மா. ஒண்ணும் இல்ல."

அவள் அவன் வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் மிஷின் ஓடவில்லை. அந்த நேரத்தில் செட்டின் பக்கத்தில் யாரும் இல்லை. டெரிக் என்ன சொன்னானோ, அது காலி அறையில் தெளிவாகக் கேட்டிருக்கும். அவள் திரும்பிப் போனாள். ஹென்றிக்கு மிச்சம் கொஞ்சம் கவர்கள்தான் இருந்தன. காலை மறுபடியும் பெடலில் வைத்தான்.

மறுநாள் வேறொரு படகு அவர்களைக் கயிறு போட்டு இழுத்து வந்தது. பொன்ராஜைத் தார்ப்பாயில் சுற்றியிருந்தார்கள். ராத்திரி வருவதற்கு முன்பே கரைக்குக் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டெரிக் வீட்டுக்கு வந்ததும் செட்டைப் பிடுங்கித் தெருவில் போட்டு உடைத்தான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கத்தியது முழுவதும் ஹென்றிக்குக் கேட்டது.

"இன்னாடி பண்ணிகினு இருந்த? சீரியல் பாத்துகினு இருந்தியா? எம்மாந்நேரம் கூவிகினு இருந்தேன் தெர்யுமா?"

"கேட்டுச்சுங்க. ஆனா புரியலங்க. கொர்ருன்னு..."

"கொர்ராம், கொர்ரு!"

தெருவும் அதையே சொன்னது. டிவி சத்தத்தில் புருஷன் கூப்பிட்டது காதில் விழாத பொம்பளை. சாவு வீட்டில் ஷைனி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எல்சி மட்டும் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர வாயைத் திறக்க அவளாலும் முடியவில்லை. ஹென்றி சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் தாங்கினான். வாழ்க்கை முழுவதும் யார் உதவியும் கேட்காத மனுஷன், இப்போது தானாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்திலும் அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு நடந்தான்.

மிஷினைப் போர்வை போட்டு மூடிவிட்டான். ஆர்டர்களைத் திருப்பினான். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் தேவகிருபை வந்தாள், பொன்ராஜின் மனைவி. கையில் அவன் கழுத்தில் மாட்டியிருந்த கவர்.

"ணே, இத்தப் பாருங்க. உடம்பெல்லாம் உப்புத் தண்ணியும் ரத்தமுமா கெடந்துச்சு. கவருக்குள்ள ஒரு சொட்டு போவல. இந்தப் போட்டோ அதுல இருந்ததுதான், அப்பிடியே காஞ்சி கீது." குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் சிரிக்கிற சின்ன போட்டோ. "நாளைக்குக் கல்லறைல வெக்கணும். உங்க கையால ஒட்டிக் குடுங்க. கடைல போட்டா ஒரு மழ தாங்காது."

மிஷின் ரிப்பேர் என்று சொல்ல வாய் எடுத்தான். வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புது செட் ஓடிக்கொண்டிருந்தது. கடலில் யாரோ யாரையோ ஐஸ் பற்றித் திட்டிக்கொண்டிருந்தார்கள். பெடலை மிதித்தால் அது கத்தும்.

ஹென்றி எழுந்து பின்பக்கம் போனான். டெரிக் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சும்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெரிக்கு. அப்பாவோட எர்த் குழிலேர்ந்து எனக்கு ஒரு ஒயரு வோணும்."

டெரிக் நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் பேசினதில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு இன்னாத்துக்குணா கேட்டுகினு கீறே? எட்த்துக்கோ. அப்பா தோண்டினதுதான?" என்று எழுந்து, தானே கடப்பாரை எடுத்துக் குழியின் மூடியைப் பெயர்த்தான். சுவரில் ஓட்டையும் அவனே போட்டான். ஒயர் இந்தப் பக்கம் வந்து சேர ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இத்தனை நாளாக இவ்வளவுதான் வேலை.

கூரையில் கட்டின ஒயரை மிஷினிலிருந்து கழற்றித் தொங்கவிட்டு ஹென்றி புது ஒயரை மிஷினில் முறுக்கினான். போட்டோவை வைத்து அச்சை இறக்கி மிதித்தான். டொக். கொஞ்ச நேரம். டொக். சுவருக்கு அந்தப் பக்கம் செட்டில் அந்த ஆள் இன்னும் ஐஸுக்காகத் திட்டிக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை விடாமல் தெளிவாக. தேவகிருபை போட்டோவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒயர் சரியாக வந்ததா என்று பார்க்க வந்த ஷைனி வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த 'டொக்'கையும் நடுவில் வருகிற கொஞ்ச நேரத்தையும் அவளுக்குத் தெரியும். கூரையிலிருந்து தொங்குகிற பழைய ஒயரைப் பார்த்தாள். அது சுற்றியிருந்த குழாயைப் பார்த்தாள்; அதே குழாயில்தான் அவள் வீட்டு ஆண்டெனா.

"மாமா" என்றாள். "பழைய ஒயர கட்டி இன்னொருவாட்டி மிதிங்க."

ஹென்றி அசையவில்லை. எல்சி போய் மெயின் சுவிட்சை அணைத்தாள், புது ஒயரைப் பிடுங்கினாள், தொங்கின ஒயரை இழுத்து மிஷினில் முறுக்கினாள், சுவிட்சைப் போட்டாள். வால்வு மறுபடியும் கனிந்து நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு எல்சி புருஷன் முகத்தைப் பார்த்து, "மிதி" என்றாள்.

அவன் மிதித்தான்.

ஐஸ்காரனின் குரல் காணாமல் போனது. கொர்ர் என்ற சத்தம் சுவரைத் தாண்டி வந்து அந்தச் சின்ன அறை முழுவதும் நின்றது.

கையில் மண்ணோடு டெரிக் ஓடி வந்தான். "இன்னாணா, இன்னா சத்தம் அது?"

ஹென்றி காலை எடுக்கவில்லை. பதில் சொன்னது ஷைனிதான், அழாமல், தேவகிருபைக்கும் கேட்கிற மாதிரி.

"அன்னிக்கி எனக்கு கேட்டது இதாங்க. நான் சீரியல் பாக்கல."